வண்டியை அதிகம் ஓட்டுபவர்

எங்கள் ஊரில் ஒரு விதிமீறல்கூடச் செய்யாத ஓட்டுநர் யார் என்று கேட்டால், இஸோபே வீட்டு சச்சியோ அக்காவின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கினார். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. ஓட்டாதவர் எங்கே தப்பு செய்வது? ஒவ்வொரு முறை புதுப்பிக்கப் போகும்போதும், ரொம்ப ஒழுங்கான ஓட்டுநர் என்று பாராட்டித் தங்கப் பட்டை போட்ட அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவர் அதைத் தபால் நிலையத்திலும் வங்கியிலும் அடையாளத்துக்கு நீட்டிவிட்டு மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார். இப்படித் தங்கத்தைப் பூட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் நாட்டில் ஏராளம். காகித ஓட்டுநர்கள் என்று கேலி செய்வோம், அவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

அவருடைய கணவர் இஸோபே அதற்கு நேர்மாறு. துறைமுகத்தில் நண்டும் மீனும் ஏலம் எடுத்துப் பெரிய ஊர் ஓட்டல்களுக்கு அனுப்பும் தரகர். நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எப்போதும் அவர் சொல்லும் சாக்கு. நண்டு இல்லாத நாட்களிலும் அதே வேகம்தான். கடற்கரைச் சாலையில் அவர் வண்டி போனால், காயப்போட்ட கணவாய் எல்லாம் கயிற்றில் ஆடும்.

என் கணவர் நோஸாக்கி வண்டி பழுது பார்ப்பவர். ஒர்க்‌ஷாப்பின் முன் அறையில் உட்கார்ந்து நான் இன்சூரன்ஸ் எழுதுவேன். தொத்தோரிப் பக்கத்தில் பாதி ஒர்க்‌ஷாப்கள் இப்படித்தான். எண்ணெய் மாற்ற வருபவர், கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே இன்சூரன்ஸையும் புதுப்பித்துக்கொண்டு போவார். இஸோபேயும் அப்படித்தான் ஓர் இலையுதிர்காலத்தில் வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, போன வருஷத்தவிட ஏறியிருக்கு?"

"அட்டை நீலமாயிடுச்சே அண்ணே. வேகமாப் போய் மாட்டுனீங்கல்ல, தங்கத்துக்கு உண்டான தள்ளுபடி போச்சு."

"அந்தப் பேரிக்காய்க் கொட்டகைக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டுப் பிடிக்கிறானுங்க! அது போலீஸ் வேலையா, எலி பிடிக்கிற வேலையா?"

"எலிப்பொறி அங்க இருக்கறது ஊருக்கே தெரியும். எங்க வீட்டுக்காரர்கூட அங்க வந்தா வேகத்தக் குறைச்சிடுவாரு. உங்களுக்கு மட்டும் தெரியலையா?"

அவர் என் நக்கலைக் காதில் வாங்கவில்லை. அவர் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோட அட்டையப் பார்த்துத் தள்ளுபடி குடுக்கிறீங்க?"

"வண்டிய அதிகமா ஓட்டுறவரோட அட்டைய."

"அப்படிச் சொல்லு! எங்க வீட்டுல தங்கம் சும்மாதானே கிடக்கு."

வண்டியில் உட்கார்ந்திருந்த சச்சியோ அக்காவைக் கை தட்டிக் கூப்பிட்டார். அக்கா வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் படிவத்தில் இருப்பதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். இந்த வண்டியை அதிகம் ஓட்டுபவர் யார் என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. இஸோபே சச்சியோ."

"அக்கா ஓட்டி நான் பார்த்ததே இல்லையே அண்ணே."

"நாளையிலேர்ந்து பார்ப்ப."

"ஏதாவது ஒண்ணு ஆகி, பொய்னு தெரிஞ்சா, கம்பெனி கைய விரிச்சிடும். அப்புறம் எங்கிட்ட வந்து கத்தக் கூடாது."

"யாரு போய்ச் சொல்லப் போறா? நீயா?"

சச்சியோ அக்கா மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு பிரேக் எங்க இருக்குன்னுகூட ஞாபகம் இல்லைங்க," என்று மெல்லச் சொன்னார்.

"உன்ன யாரு ஓட்டச் சொன்னா? பேரு மட்டும் குடு."

அவர் சொன்னதை எழுதினேன். இஸோபே, கையெழுத்துக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் பெயர் முத்திரையைக் குத்தினார். இத்தனை கூத்துக்கும் மிச்சமானது மாதத்துக்கு இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடும் காசு. அந்த ஆள் ஒரு ஏலத்தில் அதைப்போல நூறு மடங்கு வாரிக்கொண்டு போவார். சிலருக்குப் பணம் முக்கியமில்லை, ஏமாற்ற முடிந்தது என்ற சந்தோஷம்தான் முக்கியம்.

அதற்குப் பிறகு அவர் இன்னும் மோசமானார். முன்பெல்லாம் மாட்டினால் பிரீமியம் ஏறுமே என்று ஒரு சின்ன பயமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அபராதம் கட்டிவிட்டு வந்து, "என் அட்டை கறுப்பா ஆனாலும் கவலையில்ல, வீட்டுல தங்கம் இருக்கு," என்று மீன் சந்தையில் சொல்லிச் சிரிப்பாராம். இரண்டாம் தடவை மாட்டினார், மூன்றாம் தடவையும் மாட்டினார். கடைசியில், நண்டுப் பருவம் தொடங்கிய நேரம் பார்த்து, இரண்டு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் போய் உட்கார்ந்தால் அந்தக் காலம் பாதியாகக் குறையும். அதற்கும் போகவில்லை. "இந்த வயசுல நான் என்ன சிலேட்டு தூக்கிட்டுப் போகணுமா?" என்றார்.

வாடகைக்கு ஓர் ஓட்டுநர் வைத்திருக்கலாம். சந்தையில் கூட வேலை செய்பவர் யாரையாவது கேட்டிருக்கலாம். யாரிடமும் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவியிடம்தான் வந்தது.

அடுத்த நாள் சச்சியோ அக்கா தனியாக நடந்து என்னிடம் வந்தார். தேநீரைத் தொடவே இல்லை.

"நீதான ஓட்டுறேன்னு எழுதியிருக்கு, அப்போ ஓட்டுங்கிறாரு. நான் என்ன செய்றது?"

"முடியாதுன்னு சொல்லுங்க அக்கா."

"அத நீ சொல்லுவ. உன் வீட்டுக்காரரு கேட்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. காகித ஓட்டுநர்களுக்கென்று பயிற்சிப் பள்ளியில் நாலு நாள் வகுப்பு இருக்கிறது, வீட்டுக்கே வண்டியோடு வந்து பழக்குவார்கள் என்று சொன்னேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. போகும்போது, புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியில் ஒட்டும் மஞ்சளும் பச்சையுமான இலைக் குறி இரண்டு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தால் மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள், ஹார்ன் அடித்து விரட்ட மாட்டார்கள்.

சாயங்காலமே இஸோபே அந்த இரண்டு குறிகளையும் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார்.

"உனக்கு அறிவிருக்காம்மா? தினமும் ஓட்டுறவன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு, கத்துக்குட்டிக் குறிய ஒட்டிக்கிட்டுப் போனா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பயிற்சிப் பள்ளி வண்டி எங்க வாசல்ல வந்து நின்னா ஊரு என்ன பேசும்?"

"ஊர் பேசுறதுக்கு பயந்து அக்காவ அப்படியே ரோட்டுல விடுவீங்களா?"

"பக்கத்துல நான் இருக்கேன்ல. எனக்குத் தெரியாத ரோடா?"

என் கணவர் உள்ளேயிருந்து ஸ்பானரோடு வெளியே வந்து, "அண்ணே, வேணாம்," என்றார். மனுஷன் ஒரு வருஷத்தில் பேசுவதே நாலு வார்த்தை. அதில் இரண்டை அன்றைக்குச் செலவழித்தார். இஸோபே குறிகளுக்குக் கொடுத்த காசை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சச்சியோ அக்கா ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வண்டியின் முன் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இஸோபே கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டு வருவார். பின்னால் மீன் லாரிகள் வரிசையாக ஊர்ந்து வரும். நான் என்ன வேலையாக இருந்தாலும் எழுந்து போய், அந்த வண்டி வளைவைத் தாண்டும்வரை வாசலில் நிற்பேன். நின்று என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் நின்றேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. துறைமுகத் தெருவுக்குள் திரும்பும் முனையில், பாதசாரிகள் கடக்கும் கோடுகள் மேல். முடிதிருத்தும் கடை ஹிராயின் மகள் மிஹோ, முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. சச்சியோ அக்கா அவளைப் பார்த்து நிறுத்தத்தான் போனாராம். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். பக்கத்தில் இஸோபே, "போ, போ, ஏலம் முடிஞ்சிடும், போய்த் தொல!" என்று கத்தினார். பதறிய காலுக்கு எந்த மிதி எதற்கு என்று மறந்துபோனது. பிரேக் என்று நினைத்து மிதித்தது ஆக்ஸிலேட்டரை.

மிஹோ சாகவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஊரில் எத்தனை கிழவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்த பெண் அவள்.

போலீஸ் விசாரித்தபோது இஸோபே, தான் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டதாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். சச்சியோ அக்கா அதை மறுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போவது எங்கள் வழக்கம். கறுப்பு உடை உடுத்தி, நல்ல கடை இனிப்புப் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு போவோம். கூட நானும் போனேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஹிராய் நின்றுகொண்டிருந்தார். இஸோபேயின் தலைமுடியை இருபது வருஷமாக வெட்டிவிடும் அந்தக் கையில் இப்போது ஒரு ஸ்பூன் இருந்தது. சச்சியோ அக்கா தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தார். இஸோபே நின்றபடியே இடுப்பை வளைத்தார்.

"பெட்டிய எடுத்துட்டுப் போங்க," என்றார் ஹிராய். "என் பொண்ணுக்கு ஸ்பூன்ல தண்ணி குடுக்கவே பழகிட்டிருக்கேன். இதெல்லாம் யாரு திங்கறது?"

பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "நோஸாக்கி அம்மா, எனக்கு அப்புறம் இவள யாரு பார்த்துப்பா? உங்க கம்பெனி குடுக்குமா, குடுக்காதா? அது ஒண்ணச் சொல்லுங்க."

கொடுக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லா வண்டிக்கும் இருக்கும் கட்டாய இன்சூரன்ஸ் ஓர் எல்லையோடு நின்றுவிடும். மிஹோ உயிரோடு இருக்கும்வரை ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியை எங்கள் கம்பெனிதான் தர வேண்டும். கம்பெனியோ விசாரிக்க ஆள் அனுப்புகிறது.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில், இஸோபே பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, சச்சியோ அக்கா கேட்டார். "நான் ஓட்டுறவளே இல்ல, இவரு பொய் எழுதினாரு, இவருதான் என்ன உட்கார வச்சாருன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா, எனக்கு மனசு கொஞ்சம் லேசாகும். சொன்னா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

"கம்பெனி ஒப்பந்தத்த ரத்து பண்ணலாம். மீதிப் பணம் வராது."

"இவருகிட்டேர்ந்து வாங்க முடியாதா?"

"கோர்ட்டுக்குப் போகலாம். அதுக்குள்ள அவரு வீட்டையும் படகுப் பங்கையும் தம்பி பேருக்கு மாத்திடுவாரு. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டோம்.

இடித்த வண்டி எங்கள் முற்றத்தில்தான் கிடந்தது. கம்பெனி ஆள் விசாரிக்க வருவதற்கு முந்தின நாள் மதியம் சச்சியோ அக்கா குடையோடு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, துடைப்பான் பொத்தானை, விளக்குப் பொத்தானை, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு உதடு அசைய மனப்பாடம் செய்தார். ஓட்டும்போது கற்றுக்கொடுக்க ஆளில்லாததை எல்லாம், நசுங்கிய வண்டியில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்று புரிந்துவிட்டது. வெளியே போனேன்.

"பானெட் திறக்கிற நெம்புகோல் இங்க, முட்டிக்குக் கீழ," என்றேன். "சக்கரத்துக்குக் காத்து மாசத்துக்கு ஒரு தடவ எங்க கடையில பிடிப்பீங்க. கேட்டா அப்படியே சொல்லுங்க."

அவர் தலையசைத்தார். இதைத் தப்பு என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். ஹிராயின் கையில் இருந்த ஸ்பூனை அவர்கள் பார்க்கவில்லை.

கம்பெனி அனுப்பிய கஜிதானி மரியாதையான ஆள். எங்கள் முன் அறையிலேயே உட்கார்ந்து மென்மையாகக் கேட்டார். இஸோபேக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"வழக்கமா இந்த வண்டிய யாரும்மா ஓட்டுவாங்க?"

"நான்தான்."

"எந்தெந்த இடத்துக்கு?"

"தினமும் துறைமுகத்துக்கு. அப்புறம் கடைக்கு, பேரிக்காய் சீசன்ல எங்க அக்கா தோட்டத்துக்கு."

"பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவீங்க?"

"இடது பக்கம்."

"அனுபவம் உள்ளவங்க. இவ்வளவு வருஷமாத் தங்க அட்டை. எப்படிம்மா பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு?"

இஸோபே தொண்டையைக் கனைத்தார்.

"கவனக்குறைவு," என்றார் அக்கா. "என்னோட கவனக்குறைவு. வேற யாரும் காரணம் இல்ல."

கஜிதானி போனதும் இஸோபே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவியின் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே, நல்லா சமாளிச்ச! என்னக் காப்பாத்திட்ட." அந்த மடையனுக்கு, தனக்காகத்தான் அவள் பொய் சொன்னாள் என்று நினைப்பு. தேநீர்க் கெண்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

கம்பெனி முழுதும் கொடுத்தது. மிஹோவுக்கு வீட்டிலேயே கட்டில், தூக்கி உட்காரவைக்கும் கருவி, பகலுக்கும் இரவுக்கும் ஆட்கள் என்று எல்லாம் ஏற்பாடானது. அக்கா என்ன நினைத்துப் பொய் சொன்னாரோ, அது நடந்தது. அதற்கான விலையை நீதிமன்றத்தில் வாங்கினார்கள். தினமும் அதே வண்டியை அதே பாதையில் ஓட்டிய, இத்தனை வருடம் பிழையே செய்யாத ஒருவர் செய்த தவறு இது, அனுபவமின்மை என்று சொல்லித் தப்ப முடியாது என்று அரசு வக்கீல் அடுக்கினார். கற்றுக்கொள்ளக்கூட விடாமல் உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. அப்படி ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. தண்டனையை நிறுத்தி வைத்தார்கள், லைசென்ஸை ரத்து செய்தார்கள். தங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஊரில் அவர் பெயர், ஹிராய் பெண்ணை முடமாக்கியவள். மளிகைக் கடையில் இவர் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

மறுபடி இலையுதிர்காலம் வந்தது. இஸோபே புது வண்டி வாங்கியிருந்தார், இன்னும் பெரியது. இன்சூரன்ஸ் எழுத வந்தார். கொண்டைபோட்ட முடியெல்லாம் நரைத்துப்போய் சச்சியோ அக்காவும் கூட வந்தார். இருவருக்கும் தேநீர் வைத்தேன்.

"பேர மாத்தணும்மா," என்றார் இஸோபே. "இவகிட்ட இப்போ அட்டையே இல்ல. எங்கிட்ட நீலமாவது இருக்கு."

"படிவத்துல உள்ளதக் கேட்கணும் அண்ணே."

"கேளு, கேளு."

"இந்த வண்டியை அதிகம் ஓட்டுபவர் யார்?"

"இது என்ன கேள்வி? நான்தான்," என்றார் அவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே. "என்னிக்குமே நான்தானே ஓட்டுறேன். இவளுக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

சொன்னது என்ன என்று அவருக்கே உறைக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்துவதாகச் சொல்லி வெளியே போனார்.

சச்சியோ அக்கா கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். அவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது கணவர் பெயர் இருந்தது. அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அக்கா."

"இத எழுத இவ்வளவு நேரம்தானா ஆகும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே இஸோபே ஹார்ன் அடித்தார், நிறுத்தாமல் இன்னொரு முறையும் அடித்தார். சச்சியோ அக்கா தாளை மேசையில் நேராக வைத்து, எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.